பித்தளைக் கொக்கி

சிவகாசி
4-9-1959

மகள் தங்கத்தாய்க்கு அய்யா எழுதுவது.

இங்கே குறையொன்றும் இல்லை. இருமல் இருக்கிறது. அது என்னோடு இருக்கட்டும், உனக்கு எழுதி ஆவதொன்றுமில்லை.

மாப்பிள்ளை ரயிலடிப் பக்கம் லாட்ஜ் கட்டுகிற செய்தியைத் தீப்பெட்டிக் கம்பெனி கணக்கப்பிள்ளை ஒருவர் கடைத்தெருவில் நிறுத்திச் சொன்னார். "என்ன நாகையாண்ணே, மக வீட்டுல மாடி எழும்புதாமே, ஒங்க கைவேலையா?" என்று கேட்டார். காதில் விழாதவன் மாதிரி வந்துவிட்டேன். நாலு நாள் கழித்து உன் கார்டு வந்தது. வெள்ளிக்கிழமை நிலை வைக்கிறோம், வந்து ஆசீர்வதிக்க வேண்டும் என்று.

நிலை என்பது கதவு நிற்கிற இடம். இந்த ஊர்ப் பட்டாசு ஆலைகளில் இருநூற்றுப் பன்னிரண்டு கதவுகளை என் கையால் நிறுத்தியிருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன். வெடிமருந்துச் சட்டப் புத்தகத்தை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் படித்து முடித்தவன். இன்ஸ்பெக்டர் வந்தால் முதலாளிமார் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். அப்படிப்பட்டவனுக்குத் தன் மகள் வீட்டு நிலைக்கு, ஊரார் எல்லாருக்கும் போகிற மாதிரி ஒரு கார்டு வருகிறது.

நான் வரவில்லை. கதவு யார் பொறுப்பு என்று மட்டும் எழுது. மதுரையிலிருந்து ஒரு இன்ஜினீயர் என்று கேள்வி. அவர் எரிந்த கதவு ஒன்றையாவது கையால் தொட்டிருக்கிறாரா என்று மாப்பிள்ளையைக் கேள்.

உன் அய்யா
நாகையா

*

விருதுநகர்
11-9-1959

அய்யாவுக்கு, தங்கத்தாய் கும்பிட்டு எழுதுவது.

உங்கள் கடிதத்தை அவுகளிடம் காட்டவில்லை. காட்டினால் வருத்தப்படுவார்கள். உங்களைக் கேட்காமல் தொடங்கியது தப்புத்தான். "மாமா வந்தா ஒண்ணு சொல்வாரு, இன்ஜினீயர் ஒண்ணு சொல்வாரு, நடுவுல நான் ரெண்டு பேர்கிட்டயும் ஏச்சு வாங்கணும்" என்று பயந்துதான் அவுக பேசாமல் இருந்தார்கள். உங்கள்மேல் மரியாதை இல்லாமல் இல்லை. பயம்.

கட்டடம் இப்படி. கீழே சாப்பாட்டு ஹோட்டலும் அடுப்படியும். மேலே எட்டு அறை, இந்தப் பக்கம் நாலு, எதிரே நாலு, நடுவே நடை. மிளகாய் வத்தலும் பருப்பும் பிடிக்க வருகிற வெளியூர் வியாபாரிகள் தங்குவதற்கு. நடையின் ஒரு முனையில் பெரிய படிக்கட்டு, மறுமுனையில் மொட்டைமாடிக்குப் போகிற சின்னப் படி. பெரிய படிக்கட்டின் உச்சியில் கனத்த தேக்குக் கதவு ஒன்று போட்டு அதில் இரும்புத் தகடு அடிக்க வேண்டும் என்று இன்ஜினீயர் சொல்கிறார். அதற்கு ஸ்பிரிங் கீலாம். திறந்து விட்டால் தானே மூடிக்கொள்ளும். அறைக் கதவுகள் வழக்கம்போல உள்ளே திறக்கும்.

கொத்து வேலைக்கு மணல் சுமக்கிற வள்ளித்தாய் என்று ஒருத்தி இருக்கிறாள். லாட்ஜ் முடிந்ததும் பெருக்கித் துடைக்க அவளையே வைத்துக்கொள்ளப் போகிறோம். வாய் ஓயாது. ஸ்பிரிங் கதவைப் பற்றிக் கேட்டுவிட்டு, "தானா மூடுற கதவா? எம் புருசன் வாய்க்கு ஒண்ணு மாட்டித் தரச் சொல்லுங்க தாயி" என்கிறாள். கொத்தனாரே கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

ஒரு நாள் வாருங்கள். இருமலுக்கு ஓமம் போட்டுத் தருகிறேன்.

தங்கத்தாய்

*

சிவகாசி
15-9-1959

மகளுக்கு,

ஸ்பிரிங் என்று படித்ததும் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். சாப்பிடவும் இல்லை.

உனக்கு அப்போது பதினொரு வயது. உன்னை யாரும் அங்கே கூட்டிப் போகவில்லை. இப்போது சொல்கிறேன். பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்துகிற நாலாம் நம்பர் அறையில் உன் அம்மா மாரித்தாயும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். காற்றில் பக்கத்து அறைப் பொறி வந்துவிடும் என்று முதலாளிக்குப் பயம். கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்றார். கயிற்றில் கல்லைக் கட்டி உருளையில் போட்டு, திறந்தால் தானே மூடுகிற மாதிரி வைத்திருந்தது. உள்ளே திறக்கிற கதவு. மருந்து தீப்பிடித்ததும் நாலு பேரும் கதவில் வந்து விழுந்தார்கள். உள்பக்கம் இழுத்தால்தானே திறக்கும்? ஆள்மேல் ஆள் விழுந்து கிடக்கும்போது யார் இழுப்பது? இழுத்தாலும் கல் விடாது. நாங்கள் கதவைக் கோடரியால் பிளந்தோம். அதற்குமேல் எழுத மாட்டேன்.

அதனால் சொல்கிறேன். மாப்பிள்ளை கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்வேன். எட்டு அறைக் கதவும் வெளியே திறக்க வேண்டும். தள்ளினால் போதும், குழந்தை தள்ளினாலும் திறக்க வேண்டும். கீல், தாழ்ப்பாள், கொண்டி எல்லாம் பித்தளை. இரும்பு உரசினால் பொறி வரும். தானே மூடுகிற கதவு என் மகள் கட்டடத்தில் இருக்கக் கூடாது. படிக்கட்டுக் கதவுக்கு ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சுவரில் கொக்கி வைத்து, பகலும் இரவும் திறந்தே மாட்டி வைக்க வேண்டும். ஆள் ஓடுகிற வழியில் கதவு குறுக்கே நிற்கலாமா? இதை ஒரு இன்ஜினீயருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

நிலையின் உயரம், அகலம், சட்டத்தின் கனம், பலகையின் கனம், சுவரின் கனம், இந்த ஐந்தையும் அளந்து உடனே எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அய்யா

*

விருதுநகர்
28-9-1959

அய்யாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து நான் அழுததைப் பார்த்து அவுகளும் வாங்கிப் படித்தார்கள். அம்மாவைப் பற்றி இதுவரை நீங்கள் ஒரு வரிகூடச் சொன்னதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இன்ஜினீயர் வந்திருந்தார். அவுக சொன்னதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோபப்படவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார். "இங்க பாருங்கம்மா, பட்டாசு ரூம்ல தீ கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள முடிஞ்சிரும். அங்க ஓடணும். லாட்ஜுல மொதல்ல வர்றது தீ இல்ல, பொகை. படிக்கட்டு ஒரு பொகைக்கூண்டு. கீழ அடுப்படி. மேல மூடி இல்லேன்னா அம்புட்டும் நடைக்குத்தான் வரும். அந்தக் கதவு மூடியிருந்தா அரை மணி நேரம் கெடைக்கும். அரை மணி நேரத்துல மொட்டைமாடிக்கு எல்லாரும் ஏறிரலாம்."

என் மாமியார் ஊடே புகுந்து, "வெளிய தொறக்குற கதவு வச்சா வர்ற லச்சுமி எப்படிம்மா உள்ள வருவா? மூஞ்சில இடிச்சுக்கிட்டுப் போயிருவா" என்றார்கள். அவுக இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

நான் சொல்லிவிட்டேன் அய்யா. "எங்க அய்யாவுக்காக வேற எதையும் நான் கேக்கல. இத மட்டுமாவது விட்டுக் குடுங்க" என்றேன். அவுக எழுந்து வெளியே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "சரி, மாமா சொன்னபடி" என்றார்கள். இன்ஜினீயர் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு, "மாத்துனது நான் இல்லேன்னு எழுதி வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வள்ளித்தாய் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க, நான் அளந்தேன். உயரம் ஆறரை அடி. அகலம் இரண்டே முக்கால் அடி. சட்டம் நாலுக்கு மூன்று அங்குலம். பலகை ஒன்றேகால் அங்குலம். சுவர் ஒன்பது அங்குலம். சரிதானே?

தங்கத்தாய்

*

சிவகாசி
20-11-1959

அன்புள்ள தங்கத்துக்கு,

சரியாக அளந்திருக்கிறாய். கால் அங்குலம் தப்பவில்லை. உன் அம்மா கை உனக்கு.

இருபத்து நாலு பித்தளைக் கீலும் எட்டுத் தாழ்ப்பாளும் ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மதுரையில் விற்கிற மெல்லிய சரக்கு அல்ல, நானே நின்று வார்க்கச் செய்தது. தனியாகத் துணியில் சுற்றியிருப்பது படிக்கட்டுக் கதவுக்கான கொக்கி. அதை நானே அரத்தால் ராவினேன், எட்டு நாள் ஆயிற்று. நுனியில் சின்னப் பூமொட்டு வைத்திருக்கிறேன். உன் சேலை மாட்டிக் கிழியக் கூடாது என்பதற்காக.

கீலை எந்தப் பக்கம் வைப்பது என்று ஆசாரி கேட்பார். மொட்டைமாடிப் பக்கம் கீல். அப்படி வைத்தால் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறவன் முகம் பெரிய படிக்கட்டைப் பார்த்து இருக்கும். பதற்றத்தில் வழி தேட வேண்டாம், கதவே காட்டிவிடும். இதை எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. என் யோசனை.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. அவர் நல்லவர் என்று எனக்கு எப்போதுமே தெரியும்.

அய்யா நாகையா

*

விருதுநகர்
3-8-1960

அய்யாவுக்கு,

லாட்ஜ் திறந்து மூன்று மாதமாகிறது. திறப்புக்கு வந்து கொக்கியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இலை போடுமுன் ரயிலேறிவிட்டீர்கள். மாடி நடையில் இரண்டு எட்டு வைத்துப் பார்க்கச் சொன்னதற்கு, "பார்த்தாச்சு, சரியா இருக்கு" என்றீர்கள். படிக்கட்டு உச்சியில் நின்றபடியே சொன்னீர்கள்.

அறைகள் நிரம்புகின்றன. வத்தல் சீசனில் நடையிலும் பாய் போட்டோம். வள்ளித்தாய்க்குத்தான் உங்கள் கதவுகள் மேல் கோபம். அவள் துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரும்போது எவராவது கதவைத் திறந்தால் முட்டிக்கொள்கிறது. எதிரெதிர்க் கதவுகள் ஒரே நேரத்தில் திறந்தால் ஒன்றோடொன்று மோதி நின்றுவிடுகின்றன. நேற்று இரண்டு வியாபாரிகள் அப்படி மாட்டிக்கொண்டு, "நீங்க மூடுங்க, நீங்க மூடுங்க" என்று கால் மணி நேரம் மரியாதை பண்ணினார்களாம். "ஒங்க அய்யா கதவு செஞ்சு விட்டாரா, ரெண்டு கெடாவ முட்ட விட்டாரா தாயி?" என்று கேட்கிறாள். நடை நாலடிதான் அய்யா. ஏதாவது செய்ய முடியுமா?

இன்னொன்று. ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போயிருந்தோம். ஆற்று மணலில் ஒரு கிழவி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீ மாரித்தாய் மகதான?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். மாடத்தி என்று பெயர். அம்மாவோடு வேலை பார்த்தவளாம். அன்றைக்குக் காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லையாம். வெகுநேரம் அழுதாள். அழுது முடித்துவிட்டு, "அந்தக் கதவுல கல்லக் கட்டி விட்டது ஒங்க அய்யாதான தாயி. வேற யாரு? மொதலாளி சொன்னாரு, இவரு கட்டினாரு. கட்டுன அன்னைக்கு ஒங்க அம்மாவே கேலி பண்ணுனா, எம் புருசன் எனக்குக் காவல் வச்சுட்டாருன்னு" என்று சொன்னாள்.

வைத்திருந்தது என்றுதான் எழுதியிருந்தீர்கள். யார் வைத்தது என்று எழுதவில்லை. கிழவி சொன்னது நிஜமா அய்யா? எனக்குக் கோபம் இல்லை. நிஜமா என்று மட்டும் எழுதுங்கள்.

தங்கத்தாய்

*

சிவகாசி
9-8-1960

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. மழை இல்லை. இங்கே தீபாவளி ஆர்டருக்காக எல்லா ஆலையிலும் வேலை நடக்கிறது. எனக்கு இருமல் அப்படியே இருக்கிறது.

கதவு மோதுகிறது என்று துணி மூட்டை சுமக்கிறவள் சொல்வதை வைத்துக்கொண்டு கதவை மாற்றச் சொல்கிறாயா? நடக்கும்போது கதவை மூடிக்கொண்டு நடக்கச் சொல். கதவு வெளியே திறப்பது உயிருக்கு. மூட்டைக்கு அல்ல. படிக்கட்டுக் கொக்கியை எவரும் கழற்றாமல் பார்த்துக்கொள். புழுதி வருகிறது என்று கதவை மூடி வைக்க ஆரம்பித்தால் நான் அந்த ஊருக்கே வர மாட்டேன்.

இருக்கன்குடி மணலில் வெயில் அதிகம். வயசானவர்களுக்குத் தலை கிறங்கும்.

நாகையா

*

விருதுநகர்
9-4-1961

அய்யா,

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முடிந்த மூன்றாம் நாள் இது. கோயில் பந்தலைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. உங்களுக்குத் தந்தி கொடுக்க ஆளில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்த நேரம். அடுப்படியில் வடைச் சட்டி எண்ணெய் தீப்பிடித்து, பக்கத்திலிருந்த எண்ணெய் டின்னுக்குப் போய்விட்டது. கீழே இருந்தவர்கள் எல்லாரும் தெருவுக்கு ஓடிவிட்டார்கள். தீ அடுப்படியைத் தாண்டவே இல்லை அய்யா. கீழே ஒரு மேஜைகூட எரியவில்லை. புகைதான். கறுப்பாக, படிக்கட்டு வழியாக, யாரோ கூப்பிட்ட மாதிரி நேரே மேலே போயிற்று. கதவு கொக்கியில் மாட்டித் திறந்தே இருந்தது.

மேலே எல்லாரும் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம். வள்ளித்தாய் மொட்டைமாடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அங்கேயே இருந்திருந்தால் இன்றைக்கு இருப்பாள். சின்னப் படி வழியாக நடைக்கு இறங்கி, ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போயிருக்கிறாள். "எந்திரிங்க, கதவத் தொறங்க, பொகை வருது" என்று அவள் கத்தியது தெருவில் நின்ற எனக்குக் கேட்டது. எல்லாரும் திறந்தார்கள். நீங்கள் சொன்னபடி தள்ளினதும் திறந்தன. எதிரெதிராகத் திறந்து மோதி, நடையை அடைத்துக்கொண்டு நின்றன. அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு ஜோடியாக. மொட்டைமாடிக்குப் போகிற வழி கதவுகளுக்கு அந்தப் பக்கம். அவர்கள் முகம் பெரிய படிக்கட்டைப் பார்த்து. அங்கேதான் புகை.

சிலர் கதவை இழுத்து மூடிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்கள். சிலர் தெருப்பக்க ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். குண்டூரிலிருந்து வந்த மிளகாய் வியாபாரியும் அவர் குமாஸ்தாவும், வள்ளித்தாயும். மூன்று பேர். உடம்பில் ஒரு தீக்காயம் இல்லை. வள்ளித்தாய் கையில் ஒரு போர்வை சுற்றியிருந்தது. அவள் புருஷன் வந்து, "இவ வாயத் தொறந்து பேசச் சொல்லுங்கம்மா" என்று என்னிடமே கேட்டான்.

கட்டடத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். விசாரணை அதிகாரி இன்ஜினீயர் எழுதி வைத்த தாளைக் காட்டி, ஸ்பிரிங்கைக் கழற்றச் சொன்னது யார், கதவைத் திருப்பச் சொன்னது யார் என்று கேட்கிறார். அவுக "நான்தான்" என்று சொல்லிவிட்டு வேறு பேசவில்லை. உங்கள் பெயரை அவுக சொல்ல மாட்டார்கள். அவுகளைக் காவலில் வைத்திருக்கிறார்கள்.

அய்யா, வாருங்கள். வந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் சொன்னபடி வைத்தார்கள் என்று. உங்களை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அவுகளுக்கு அது போதும். எனக்கும்.

தங்கத்தாய்

*

சிவகாசி
14-4-1961

மகளுக்கு,

படித்தேன். மூன்று உயிர் போனது பெரிய துக்கம். மாப்பிள்ளைக்கு நல்ல வக்கீல் வைக்கவும்.

ஆனால் நான் வந்து சொல்லத் தப்பு என்ன செய்தேன்? எண்ணெய் டின்னை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தது நானா? என் கதவு ஒன்றுகூடத் திறக்காமல் நிற்கவில்லை. தள்ளினதும் திறந்தன என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு கீல் ஒடியவில்லை, ஒரு தாழ்ப்பாள் சிக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு கதவு இந்த ஊரில் நிற்கிறது. எத்தனையோ பேர் அந்தக் கதவுகளால் வெளியே வந்து இன்றைக்கும் கஞ்சி குடிக்கிறார்கள். நான் போய் ஒரு அதிகாரி முன்னால் என் கதவு ஆளைக் கொன்றது என்று சொன்னால், நாளைக்கு இங்கே முதலாளிமார் எல்லாம் பழையபடி உள்ளே திறக்கிற கதவு வைப்பார்கள். அதற்கு யார் பொறுப்பு? உன் இன்ஜினீயரா?

நான் வர மாட்டேன். கதவு வெளியேதான் திறக்க வேண்டும். செத்தாலும் அதைத்தான் சொல்வேன்.

நாகையா

*

விருதுநகர்
19-4-1961

உங்கள் கொக்கியைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சீல் வைக்குமுன் அவுகளே கழற்றிக் கொடுத்தது.

உங்களுக்காக அன்றைக்கு அவுகளிடம் கேட்டவள் நான். அதை நானே அதிகாரியிடம் போய்ச் சொல்லிக்கொள்கிறேன்.

*

சிவகாசி
16-5-1961

தங்கத்துக்கு,

கொக்கி வந்து சேர்ந்தது. பூமொட்டில் கரி பிடித்திருந்தது. துடைக்கவில்லை.

முந்தாநாள் விருதுநகர் வந்தேன். உனக்குச் சொல்லவில்லை. லாட்ஜ் வாசலில் நின்ற போலீஸ்காரர், "என்ன பெருசு, இங்கன என்ன வேணும்?" என்றார். "மேல இருக்கிறது எல்லாம் எங் கதவு. ஒரு தடவ பாக்கணும்" என்றேன். என்ன நினைத்தாரோ, பத்து நிமிஷம் விட்டார். நாடா கொண்டுபோயிருந்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டு ஆகப்போவது இல்லை. அளவை எழுதுகிறேன்.

நடை அகலம் நாலு அடி. கதவு இரண்டே முக்கால். எதிரெதிர்க் கதவு இரண்டையும் நானே திறந்து பார்த்தேன். பாதி திறந்ததும் நடுவில் முட்டி நின்றுவிட்டன. மொட்டைமாடிப் பக்கம் போக வழி இல்லை. அப்படியே நின்று மாடிப் படியைப் பார்க்க முயன்றேன். கதவுதான் தெரிந்தது. ஐந்தாம் நம்பர் கதவின் உள்பக்கப் பலகையில், இடுப்பு உயரத்தில், கரியில் ஐந்து விரல் பதிந்திருக்கிறது. சின்னக் கை. தள்ளிய கை. மொட்டைமாடிப் பக்கத்திலிருந்து தள்ளியிருந்தால் கதவு மூடியிருக்கும். வள்ளித்தாய் படிக்கட்டுப் பக்கத்திலிருந்து தள்ளியிருக்கிறாள். எதிர்க் கதவு விடவில்லை.

உன்னிடம் ஐந்து அளவு கேட்டேன். உயரம், அகலம், சட்டம், பலகை, சுவர். நீ சரியாக அளந்து அனுப்பினாய். கதவுக்கு வெளியே என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. பட்டாசு அறைக்கு வெளியே கட்டாந்தரை. அதற்கு மேல் வானம். முப்பது வருஷம் அதையே பார்த்தவனுக்கு, கதவுக்கு வெளியே இன்னொரு கதவு இருக்கும் என்று தோன்றவில்லை. பிறகு நீ நாலடி என்று எழுதினாய். மோதுகிறது என்று எழுதினாய். அப்போதாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தது. கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, மழை இல்லை என்று உனக்குப் பதில் எழுதினேன்.

நீ கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் பதில் எழுதவில்லை. மாடத்தி சொன்னது நிஜம். கல்லைக் கட்டியது நான். மூன்று சேர் எடை, ஆற்றுக் கல். முதலாளி சொன்னதும் ஒரே காலையில் செய்துவிட்டேன். நன்றாக மூடுகிறதா என்று உன் அம்மாவைத்தான் உள்ளே போய் வரச் சொன்னேன். போய் வந்தாள். சிரித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு என்று நான் சொல்லும் கணக்கில் அந்தக் கதவு கிடையாது. எண்ணும்போது விட்டுவிடுவேன். அந்த ஒரு கதவுக்காகத்தான் மற்ற எல்லாக் கதவையும் செய்தேன். உன் கதவையும் அதற்காகத்தான் செய்தேன். மூடுகிற கதவு என்று கேட்டாலே எனக்கு வேறு எதுவும் காதில் விழுவதில்லை. இன்ஜினீயர் சொன்ன அரை மணி நேரம் என் காதில் விழவில்லை.

லாட்ஜிலிருந்து நேரே அதிகாரியிடம் போனேன். இன்ஜினீயர் சொன்னதே சரி, ஸ்பிரிங்கைக் கழற்றச் சொன்னது நான், கதவைத் திருப்பியது நான், கொக்கி என் கொக்கி என்று கையெழுத்திட்டு, கொக்கியையும் மேஜைமேல் வைத்தேன். அவர் படித்துவிட்டு, "பெரியவரே, ஒங்க மக மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்து எல்லாம் என்னாலதான்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எங்க அய்யாவுக்கு வயசாச்சு, அவரைக் கூப்பிட வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. இப்ப வந்து நிக்கிறீங்க" என்றார். என் தாளையும் வாங்கி வைத்துக்கொண்டார். கொக்கியை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

உன் தெரு வழியாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மாப்பிள்ளை இருமுகிற சத்தம் கேட்டது. வீட்டுக்கு விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. தட்டலாம் என்று கையைத் தூக்கினேன். வள்ளித்தாய் தட்டிய எட்டுக் கதவு ஞாபகம் வந்தது. வந்துவிட்டேன்.

ஆலைகளில் வேலையை விட்டாயிற்று. புதிதாக மூன்று கதவுக்குக் கேட்டு வந்தார்கள். வெளியே திறக்க வேண்டும் என்று சொன்னேன், வெளியே எத்தனை அடி இருக்கிறது என்று முதலில் அளக்கவும் சொன்னேன். நாடாவை அவர்களிடமே கொடுத்துவிட்டேன்.

நேற்று நம் வீட்டு வாசல் கதவைக் கீலோடு கழற்றிச் சுவரில் சாத்தி வைத்தேன். இந்த வீட்டில் இனி திறக்கவும் மூடவும் ஒன்றுமில்லை. பொழுது சாய ஒரு நாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. வேறு எவரும் வரவில்லை.

நாகையா